நாற்பத்தேழாம் காட்சி

ஜனவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

சுண்டெலி எழுதுகிறேன். நானும் என் இருமலும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? இடது காதுக்கு டாக்டர் கொடுத்த கருவி இன்னும் மேசை டிராயரில்தான் தூங்குகிறதா? தொலைபேசியில் கூப்பிட்டால், "எதுவானாலும் எழுத்துல குடு, வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்ல" என்பீர்கள். ஆகவே எழுத்தில்.

அம்மாவைப் பற்றிய படம் முடிவாகிவிட்டது. நானே இயக்குகிறேன். நான் மகள், நீங்கள் உடன்பிறந்த தம்பி. நம் இருவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கைக்கு வராமல் படத்தை வெளியிட மாட்டேன் என்கிறார் தயாரிப்பாளர். திரைக்கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவாகப் படிக்க வேண்டாம், வக்கீலாகப் படியுங்கள்.

தன் தையல் தொழிலாளர் சங்கத்துக்காக நீங்கள் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அம்மா சொல்வாரே, "எழுத்தெல்லாம் நீ எழுதுடா, கையெழுத்து மட்டும் நான் போட்டுக்கறேன்" என்று? தையல் கூடமே சிரிக்கும். நீங்கள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த வசனத்தை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்.

நாற்பத்தேழாம் காட்சிக்குத் தலைப்பு மட்டும்தான் இருக்கிறது: "சிறை. உண்ணாவிரதத்தின் ஒன்பதாம் நாள்." கீழே வெள்ளைத்தாள். ஆலை வேலைநிறுத்தத்தில் கைதான அம்மா உள்ளிருந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்ததாகப் பத்திரிகையில் வந்தது. மறுநாளே ஆட்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆலைக்குள் திரும்பினார்கள். அந்த வாரமே சமதர்மக் கட்சி அம்மாவை நீக்கியது. இது ஊருக்கே தெரியும். அம்மா சாகும்வரை சொன்னது ஒரே வரி: "அதை நான் எழுதல." அடுத்த வரியைக் கேட்டால், ஊசியில் நூல் கோர்த்துக் கொடு என்பார்.

எனக்கு அந்த அடுத்த வரி வேண்டும், மாமா.

உங்கள்,
சுண்டெலி


ஜனவரி 24

அன்புள்ள அக்கா மகளுக்கு,

முழங்காலைத் தவிர ஏனைய உறுப்புகள் ஆட்சேபணையின்றி இயங்குகின்றன. உன் இருமலை அலட்சியம் செய்யாதே. படப்பிடிப்புத் தூசி அதற்கு எதிர்த்தரப்பு.

திரைக்கதையை இருமுறை படித்தேன். பக்கம் 12: ஆலையின் பெரிய கதவு வெளிப்புறமாகத் திறக்கும். வெளியே நின்ற கூட்டம் அதைத் தள்ளித் திறந்ததாக எழுதியிருக்கிறாய். இயலாது. இழுத்துத் திறந்தார்கள், முதலில் இழுத்தவள் உன் அம்மா. பக்கம் 30: மேலாளரை அவள் "திருடன்" என்கிறாள். அவருடைய பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். "ஐயா" என்று மாற்றிவிட்டு, சொல்லும் தொனியை நடிகையிடம் விட்டுவிடு. தொனியின்மேல் வழக்குத் தொடர முடியாது.

நாற்பத்தேழாம் காட்சியை நீக்குமாறு அறிவுறுத்துகிறேன். ஐயத்துக்குரிய ஆவணத்தை உண்மையெனக் காட்டினால் இறந்தவளுக்கு இழுக்கு. பொய்யெனக் காட்டினால் மெய்ப்பிக்கும் சுமை உன்னுடையது. நாற்பத்தாறிலிருந்து நேரே நாற்பத்தெட்டுக்குச் செல்வதால் கதைக்குக் கேடு எதுவும் நேராது.

தாளின் அடியில் எஞ்சிய இடத்தை வழக்கம்போல் சாய்கோடிட்டு அடைத்திருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டால் எவனும் எதையும் எழுதிச் சேர்ப்பான் என்று என் சீனியர் கற்றுத்தந்த பழக்கம். இரு முனைகளிலும் உள்ள கொக்கிகள் மட்டும் என் சொந்தச் சேர்க்கை. கோட்டை எவனும் நீட்டவும் இயலாது. கேலி செய்யாதே.

நலம் விரும்பும்,
மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் வாபஸ் வாங்கிவிட்டது. கதவைத் திருத்திவிட்டேன். "ஐயா"வை நடிகை சொல்லிக் காட்டினார். அதற்குத் "திருடன்" எவ்வளவோ மரியாதையாக இருந்தது.

கட்சிச் செயலாளர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"அம்மா எங்க சொத்தும்மா. இந்த வருஷ மலர்ல முதல் படமே அவங்கதான்."

"நீக்கினீங்களே?"

"அது பழைய தலைமை. இங்க பாருங்க, மன்னிப்புக் கடிதத்தைக் காட்டினா அவங்களுக்கு அசிங்கம். நாங்க நீக்கினதைக் காட்டினா எங்களுக்கு அசிங்கம். ரெண்டையும் தூக்கிட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"நடுவுல அவங்க ஒத்த ஆளா நின்ன நாப்பது வருஷம் இருக்கே, அதை எங்கங்க வைக்கறது?"

தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

நீங்களும் அவரும் ஒரே காட்சியை நீக்கச் சொல்கிறீர்கள். வாழ்நாளில் அந்தக் கட்சி சொன்ன எதற்கும் தலையாட்டாதவர் நீங்கள். எல்லோரும் வேண்டாம் என்பதாலேயே அந்தக் காட்சி எனக்கு வேண்டும்.

சிறையின் பழைய பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அம்மாவைப் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். நாற்பது நிமிடம். உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து. அம்மா என்ன சொன்னார்?

உங்கள்,
சுண்டெலி


மார்ச் 2

அன்புள்ள அக்கா மகளுக்கு,

தாமதத்துக்கு வருந்துகிறேன். உடலில் குறை ஒன்றுமில்லை. பார் கவுன்சில் ஒழுங்குக் குழுத் தலைவன் என்ற முறையில் ஒரு புகாரை விசாரித்து முடிக்க வேண்டியிருந்தது. தன்னிடம் வழக்கை ஒப்படைத்த ஒருவரின் கையெழுத்தைத் தானே இட்டுவிட்ட ஓர் இளம் வழக்கறிஞன். ஐந்தாண்டுத் தடை விதித்தோம். ஒரு பக்க முடிவுதான். எழுத எனக்கு மூன்று வாரமாயிற்று.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அம்மா தரையில் படுத்திருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. இன்னும் மூன்று நாள் தாங்கமாட்டாள் என்று சிறை மருத்துவர் என்னிடம் கூறியிருந்தார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வாக்கியங்களில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். வாங்கி முழுவதும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கடா. காற்புள்ளிகூடச் சரியா வச்சிருக்க" என்றாள்.

பிறகு அதை நான்காகக் கிழித்தாள். "இந்தா, கப்பல் செஞ்சு சுண்டெலிக்குக் குடு."

அத்துடன் பார்வை நேரம் முடிந்தது. வீட்டில் நீ நூற்று நான்கு டிகிரி காய்ச்சலில் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாய். அந்த நாளைப் பற்றி நான் பதிவு செய்யக்கூடியது இவ்வளவே.

வெயில் ஏறுகிறது, தொப்பி அணிந்து வேலை செய்.

மாமா


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

தொப்பி அணிந்திருக்கிறேன். கப்பலைப் படித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு நடுவே ஓவென்று கத்தினேன். நாற்பத்தேழின் முதல் பாதியாக நேற்றே அதை எடுத்துவிட்டோம். நடிகை தாளைக் கிழித்த கிழியில் விளக்குப் பிடித்தவர்கூடக் கைதட்டினார். கூட்டக் காட்சிகளுக்கு அம்மாவின் தையல் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் முந்நூறு பேர் வந்திருக்கிறார்கள். கதவை இழுக்கச் சொன்னால் கீலோடு பெயர்த்துவிட்டார்கள்.

ஆனால் கிழித்தவர் எப்படி எழுதிக்கொடுத்தார்? தயாரிப்பாளரிடம் அதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "தாய்ப்பாசம் வந்தாத்தான்மா படம் ஓடும். புள்ள காய்ச்சல்ல கெடக்குது. இவங்க அழுதுகிட்டே கையெழுத்துப் போடறாங்க. தியேட்டரே நனையும்."

நடிகை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூணு மாசமா இந்தப் பொம்பளையா நடக்கறேன், கத்தறேன், சண்டை போடறேன். இந்தக் கை இதைப் போடாது சார். வேற கை இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

அந்தக் கடிதத்தின் மூலத்தைப் பார்க்க ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பத்திரிகையில் வாசகம்தானே வந்தது? தாளை யாரும் பார்த்ததே இல்லை.

கிழித்த பிறகு என்ன ஆயிற்று, மாமா? உங்களுக்குத் தெரிந்தவரை.

சுண்டெலி


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. முழங்காலா, மனசா தெரியவில்லை. எதுவானாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் மூலத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார்கள். மூன்று வாக்கியம். காற்புள்ளிகூடச் சரி. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து, அந்தப் பெரிய பெரிய எழுத்தில். "நல்லாப் பாருங்க, உங்க அம்மா கையெழுத்துதானே இது?" என்று காப்பாளர் கேட்டார்.

நான் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் மிஞ்சிய இடத்தை ஒரு சாய்கோடு அடைத்திருந்தது. இரு முனைகளிலும் கொக்கி.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பையில் உங்கள் ஜனவரிக் கடிதம் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தேவைப்படவில்லை.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அடி ஓரம்வரை விழும்படி எடுக்கச் சொன்னேன். நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. ஜூன் 3 அன்று நாற்பத்தேழாம் காட்சியின் மீதி படமாகிறது.

சுண்டெலி


ஏப்ரல் 30

அக்கா மகளுக்கு,

நகல் கிடைத்தது. ஆட்சேபணையின்மைக் கடிதம் வழங்க இயலாத நிலையில் உள்ளேன். காரணம் கூறக் கடமைப்பட்டவன் அல்லன். உடல்நலம் பேணுக.

மாமா


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

"அன்புள்ள" என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். தாளைப் பார்த்தாலே தெரியும். என் உடல்நலத்துக்கு ஒன்றும் இல்லை, கோபம் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்வார்.

உங்கள் நாலு வரி கிடைத்தது. கோடு மட்டும் தவறாமல் இருந்தது.

காரணம் கூறக் கடமைப்பட்டவர் இல்லையா? அந்த மூன்று வாக்கியத்தால் வேலைநிறுத்தம் ஒரே நாளில் சரிந்தது. அறுபத்திரண்டு பேரை ஆலை வேலையைவிட்டுத் துரத்தியது. அவர்களில் ஒருவருடைய மகள் இன்று தையல் கூடத்தில் இருக்கிறார். நேற்று என்னிடம் சொன்னார்: "எங்கப்பா உங்கம்மா பேரைக் கேட்டாலே எழுந்து போயிடுவாரு. நான் அவங்க சங்கத்துல சேர்ந்த அன்னைக்கு என்கூடப் பேசறதை விட்டவரு, கடைசி மூச்சு வரைக்கும் பேசல." யாருடைய கடிதத்துக்காக, மாமா?

காய்ச்சலைக் காட்டாதீர்கள். எனக்கு அப்போது நாலு வயது, என்னை யாரும் கேட்கவில்லை. காய்ச்சல் என்னுடையது, கடிதம் உங்களுடையது.

அம்மா முப்பத்தொன்பது வருடம் சொல்லாத பெயரை நானும் சொல்லமாட்டேன். உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான். ஆனால் அம்மாவின் கையில் அந்தப் பேனாவை வைக்கவும் மாட்டேன். திரையில் ஒரு ஆணின் கை வரும். முகம் வராது. எழுதும், கையெழுத்திடும், கோடு போடும். தடை வாங்க வேண்டுமா, வாங்குங்கள். தயாரிப்பாளர் கைவிட்டாலும் தையல் கூடத்துச் சுவரில் வெள்ளைத்துணி கட்டி ஓட்டுவேன். துணிக்கு அங்கே பஞ்சமில்லை.

சுண்டெலி


மே 27

அன்புள்ள அக்கா மகளுக்கு,

என் உடல்நலம் குறித்து இன்று எழுதத் தக்கது எதுவுமில்லை. உன் கோபம் நலமாயிருப்பது அறிந்தேன்.

இத்துடன் இரண்டு தாள்கள் உள்ளன. ஒன்று, ஆட்சேபணையின்மைக் கடிதம். மற்றது, நோட்டரி முன்னிலையில் நான் அளித்த பிரமாணப் பத்திரம். அதன் நகலைப் பார் கவுன்சிலுக்கும் அனுப்பி, குழுத் தலைமையிலிருந்து விலகி, அடுத்த விசாரணையாக என்னையே எடுத்துக்கொள்ளக் கோரியிருக்கிறேன். நான் தடை விதித்த அந்த இளைஞனுக்கு ஒரு கடிதம் எழுத முயன்றேன். முதல் வரியைத் தாண்டவில்லை.

பிரமாணத்தில் இடம்பெறாதவற்றை இங்கே எழுதுகிறேன். எங்கள் அப்பா இறந்தபின் என் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் உன் அம்மாதான் கையெழுத்திட்டாள். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது அந்தக் கையெழுத்தை நானே இட்டேன். ஒரே பார்வையில் கண்டுபிடித்து என் இடது காதைத் திருகினாள். ஆக, கை பழகியிருந்தது.

அவள் கிழித்துக் கொடுத்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிறைக்கு எதிரிலிருந்த தபால் நிலையத்துக்குப் போனேன். நூலில் கட்டிய பேனா. துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து எழுதினேன், கையெழுத்திட்டேன். உடனே கை தானாகக் கோடிட்டது. பொய்க் கையெழுத்துக்குக் கீழே எவனும் எதையும் சேர்த்துவிடக் கூடாதே! சிறை அலுவலகத்தில் கொடுத்தேன். வக்கீல் கொண்டுவந்த தாள். அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தின்பேரில் விடுவிக்கப்பட்டு அவள் வீட்டுக்கு வந்து முதலில் உன் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. நான் தபால் நிலையத்தில் நின்ற அன்று மாலையே உன் காய்ச்சல் தானாகவே இறங்கியிருந்தது. பிறகு பத்திரிகையை விரித்துப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "எழுத்தெல்லாம் நீ எழுதுடா, கையெழுத்து மட்டும் இனிமே நான் போட்டுக்கறேன்" என்றாள். நீ படத்தில் மூன்று இடங்களில் வைத்திருக்கும் வசனம் முதலில் பேசப்பட்டது அன்றுதான்.

ஆலை ஆட்களைத் துரத்திய அன்று, நான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"ஒப்புக்கோ. அங்கியைக் கழட்டிட்டு உள்ள போய் உக்காரு. வேலை போன அறுபத்திரண்டு பேருக்கு அப்புறம் யாருடா வழக்காடுவா? காட்டிக்குடுக்கறவங்க ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

பதினோரு ஆண்டுகள் அவர்களுக்காக வழக்காடினேன். பத்தொன்பது பேருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நாற்பத்து மூன்று பேருக்குத் தோற்றேன். கடைசி வழக்கு முடிந்த அன்றே நான் பேசியிருக்க வேண்டும். அதற்குள் எனக்குப் பெயர் வந்துவிட்டிருந்தது, அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நீ அளித்த சலுகையை ஏற்க மறுக்கிறேன். முகம் வர வேண்டும். பெயரும் வர வேண்டும். காய்ச்சலை அந்தக் காட்சியின் அருகே வைக்காதே. மழை வேண்டாம், வயலின் வேண்டாம். நல்ல பகல் வெளிச்சத்தில், நடுங்காத கையால், ஒரு வக்கீல் எழுதுகிறான். நடந்தது அவ்வளவே. இதைக் குறைக்கச் சொல்லி எவர் வந்தாலும், தயாரிப்பாளரோ, கட்சியோ, நானேயோ, இந்தக் கடிதத்தைக் காட்டு.

தாளின் அடியில் மூன்று விரல் அளவு இடம் எஞ்சுகிறது. கோடிடவில்லை. நீ சேர்க்க விரும்புவதைச் சேர்த்துக்கொள்.

மாமா


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த முறை எதையும் அடிக்கவில்லை. படம் முடிந்தது, இருமல் திரும்பிவிட்டது, மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

நாற்பத்தேழாம் காட்சியை நீங்கள் சொன்னபடியே எடுத்தோம். உங்களாக நடித்த இளைஞனுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "நடுங்கக் கூடாதுப்பா, சரின்னு நம்பி எழுதறார்" என்றேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. அன்று தனக்குக் காட்சி இல்லாவிட்டாலும் நடிகை வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கோடு போட்டு முடித்ததும், "அப்பாடா, வேற கை வந்துடுச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் பிரமாணத்தின் நகல் ஒன்றைக் கட்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். செயலாளர் தையல் கூடத்துக்கே வந்துவிட்டார். "நீக்கினதை ரத்து பண்ணித் தீர்மானம் போடறோம். அம்மாவை முறைப்படி திரும்பச் சேர்த்துக்கறோம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், துரத்தப்பட்டவரின் மகள் என்றேனே, அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "அவங்க உங்களை நீக்கி நாப்பது வருஷம் ஆச்சுங்க. மனு குடுத்துப் பாருங்க, சேர்த்துக்கறாங்களான்னு." சிரிப்பில் கூடமே அதிர்ந்தது.

நீங்கள் விட்ட மூன்று விரல் இடத்தில் நான் எதுவும் எழுதவில்லை. மன்னித்தேன் என்று எழுத, நீங்கள் கடன்பட்டது எனக்கு அல்ல. அறுபத்திரண்டு குடும்பங்களில் முப்பத்தொன்றைக் கண்டுபிடித்துவிட்டோம். எழுதுவதா, விடுவதா, அவர்கள் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 23, பகல் மூன்று மணி, தையல் கூடம். வெள்ளைத்துணியை அவர்களே தைத்துவிட்டார்கள். முதல் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி. படம் முடிந்ததும் ஜன்னல்களைத் திறப்போம். எழுந்து போகக் கூடாது.

சுண்டெலி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்கா மகளுக்கு,

இருமலுக்கு மருத்துவரைப் பார்; இது அறிவுரையன்று, ஆணை. பார் கவுன்சில் என் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டது. அங்கியை மடித்து அலமாரியில் வைத்தேன். தோள் இலேசாக இருக்கிறது, முழங்கால் அப்படியேதான்.

வருகிறேன். படம் முடிந்ததும் என் நாற்காலியைத் திருப்பி, அவர்களைப் பார்த்தபடி போடச் சொல். முதலில் அந்த மகள் பேசட்டும். பேச வருபவர்கள் என் வலப்பக்கம் வந்து உரக்கப் பேச வேண்டும். ஆயினும் டிராயரிலிருந்து கருவியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், இடது காதுக்கும் கேட்கட்டும்.

எதையும் எழுத்தில் கொடுங்கள் என்று எவரையும் கேட்கமாட்டேன்.

மாமா